ஆமையின் கேபிள்

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, அவள் வழக்கம்போலத் திரைக்கு முன் வந்து உட்கார்ந்தாள். சுவருக்கு அப்பால் கதிர்வீச்சு அறை. உள்ளே போய்ப் பெருக்கித் துடைக்க மனிதரால் ஆகாது. சக்கரங்களில் ஊரும் ரோபோதான் போகும், இங்கிருந்து அவள் ஓட்டுவாள். அதற்கு ஆமை என்று பேர் வைத்தவர் அவள் கணவர். "ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. இந்த வீடு உருப்படணும்னா ஆமைதான் புகணும்" என்று சிரிப்பார்.

அவள் ஓட்ட, அவர் கதவருகே நின்று கேபிளை விட்டுக்கொடுப்பார். கேபிள் அவள் நாற்காலியை உரசிக்கொண்டு போகும். இரண்டு இழுப்பு வந்தால் 'நான் இருக்கேன், நீ ஓட்டு' என்று அர்த்தம். எதைக் கொடுத்தாலும் அவள் பிடிக்கும் இடத்தைத் துடைத்துவிட்டுத்தான் நீட்டுவார், டீ டம்ளரானாலும்.

போன மழைக்காலத்தில், குழாயில் மாட்டிய கேபிளை விடுவிக்க உள்ளே ஓடினார். கூரை அவர்மேல் இடிந்து விழுந்தது. உடலை ஈயப் பெட்டியில் வைத்து மூடிக் கொண்டுபோனார்கள். அவர் கையைக்கூட அவளைத் தொடவிடவில்லை. அந்த வலி இன்னும் ஆறவில்லை.

இன்று கடைசித் துடைப்பு. நாளை கான்கிரீட் கொட்டி அறையை மூடிவிடுவார்கள். ஆமை திரும்பும் வழியில், அதே குழாயில் கேபிள் மாட்டிக்கொண்டது.

"விட்டுடுங்கக்கா," என்றான் போனில் மேற்பார்வையாளன். "மெஷினோட சேர்த்தே மூடிடலாம்."

மிச்சமிருக்கும் ஒரே துணையையும் அங்கேயே புதைப்பதா?

"கொஞ்சம் பொறு தம்பி."

முன்னே ஓட்டினாள். பின்னே ஓட்டினாள். கேபிள் நகரவில்லை.

ஆமையின் விளக்கு அணைந்தது. திரை இருண்டது.

ஒலிபெருக்கியில் ஒரு சத்தம். துணியால் எதையோ துடைக்கும் சத்தம்.

ஆமையின் துடைக்கும் கையை அவள் எப்போதோ மடக்கிவிட்டிருந்தாள்.

நாற்காலியருகே கேபிள் இழுபட்டது. ஒன்று. இரண்டு.

"நீங்களா?" என்று கிசுகிசுத்தாள்.

கேபிள் தளர்ந்தது. இருண்ட திரையோடே ஆமையை வெளியே ஓட்டினாள்.

ஆமை வெளியே வந்ததும் கதவை அடைத்து, சுவிட்சை அணைத்தாள். கையுறை மாட்டிக்கொண்டு கேபிள் நெடுகக் கதிர்வீச்சு மீட்டரை நகர்த்தினாள். எங்கும் கறுத்த தூசி; மீட்டர் ஓயாமல் கத்தியது. ஓரிடத்தில் மட்டும் அமைதியானது.

நான்கு விரல் அகலத்துக்கு அங்கே பளிச்சென்று துடைத்திருந்தது. ஒரு கை பிடிக்கும் அளவு.

கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடித்தாள். இளஞ்சூடாக இருந்தது. இத்தனை மாதம் அடக்கிய அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, உள்ள ஒண்ணும் இல்லையே?" போனில் மீண்டும் அவன். "நாளைக்கு மூடிடலாமா?"

அவள் கதவையே பார்த்தாள்.

ஆமை காலடியில் அசையாமல் கிடந்தது. அவள் உள்ளங்கையில் கேபிள் மெல்ல இழுபட்டது. ஒன்று.

இரண்டு.