மூன்றாவது படுக்கையறை

தசரா வாரத்தின் நடுவில், ஒரு காலை நேரத்தில் ஹனூரிலிருந்து காளிதாஸ் மனைவி மக்களோடும் மூட்டை முடிச்சோடும் மகேஸ்வரியின் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, சாவி உங்ககிட்டத்தானுங்களா? தசராவுக்குத் தங்க அட்வான்ஸ் முழுசும் கட்டிட்டமுங்க."

மகேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. குவெம்புநகரில் தான் குடியிருந்த அந்த வீட்டை அவள் யாருக்கும் வாடகைக்கு விட்டதில்லை. காளிதாஸின் போனில் இருந்த விளம்பரத்திலோ அவள் கூடத்தின் படம், அதில் அவள் வைத்த கொலு, கீழே 'மூன்று படுக்கையறை' என்ற வரி. அதிலிருந்த எண்ணைக் கூப்பிட்டால் இப்போது எடுப்பாரில்லை. முந்தின நாள் இப்படியே ஏமாந்து வந்த குடும்பம், அவள் மேலேயே போலீசில் புகார் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. நர்ஸாக இருந்து சம்பாதித்த நல்ல பெயர் தெருவில் சிரிப்பாய்ச் சிரித்தது.

வந்தவர்களை உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு, துப்பறிவாளர் மனிஷாவை அழைத்தாள்.

மனிஷா முதல் வேலையாக, காளிதாஸை இணைய மோசடிகளுக்கான 1930 என்ற எண்ணில் புகாரைப் பதியச் சொன்னாள். பிறகு கூடத்தில் மூடியிருந்த மூன்று கதவுகளையும் திறந்து பார்த்தாள். இரண்டு படுக்கையறைகள், மூன்றாவது மாடிப்படி. கொலு வைத்த பிறகு உள்ளே வந்தவர்கள் யார் என்று கேட்டாள். வீடு முழுக்க வர்ணம் அடித்துவிட்டு மீதிக் கூலி வாங்க வந்த வேலாயுதம், மாடியில் தங்கியிருக்கும் சித்தி மகன் உதயகுமார், டிவி பழுது பார்த்த விஜய்குமார் என்றாள் மகேஸ்வரி. மனிஷாவின் உதவியாளன் ஹேமந்த், பெயின்டர்தான் என்று அடித்துச் சொன்னான். மனிஷா மூவரையும் மாலையில் சுண்டலுக்கு அழைக்கச் சொன்னாள்.

மாலையில் சுண்டலுக்கு மூவரும் வந்தார்கள். காளிதாஸ் குடும்பம் உள்ளறையில் இருந்தது. மகேஸ்வரியின் சிநேகிதியாக வந்திருந்த மனிஷா சாதாரணமாகச் சொன்னாள்: "இந்த டிவியை மூணாவது பெட்ரூமுக்கு மாத்தணும். கொஞ்சம் கை கொடுங்க."

"மூணாவதா? இருக்கிறதே ரெண்டுதானேக்கா" என்றான் உதயகுமார். வேலாயுதமும் விழித்தார். விஜய்குமார் மட்டும் ஒயர் நீளம் போதுமா பார்க்கிறேன் என்று நேரே போய் மூன்றாவது கதவைத் திறந்தான். எதிரே மாடிப்படி.

கூட வந்திருந்த ஹேமந்த் தன் போனிலிருந்து விளம்பர எண்ணை அழைத்தான். விஜய்குமாரின் கருவிப் பைக்குள் மணி அடித்தது.

"படத்துல கொலு இருந்தது. அப்படின்னா எடுத்தவர் இந்த வாரம் வந்தவர்" என்றாள் மனிஷா. "வர்ணம் அடிச்சவருக்கும் மாடிக்குப் போறவருக்கும் அந்தக் கதவு என்னன்னு தெரியும். கூடத்தோட நின்னவருக்குத்தான் அது பெட்ரூம்."

விஜய்குமார் தலை கவிழ்ந்தான். போலீஸ் அவனை அழைத்துப் போன சற்று நேரத்தில், காளிதாஸின் அட்வான்ஸ், எடுக்க முடியாதபடி அவன் கணக்கிலேயே முடக்கப்பட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. இனி வீட்டைக் கண்ணால் பார்க்காமல் யாருக்கும் பைசா அனுப்புவதில்லை என்று காளிதாஸ் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரூம் தேட வேண்டாம். தசரா முடியற வரைக்கும் நீங்க என் விருந்தாளிங்க" என்றாள் மகேஸ்வரி.

விளக்கு அலங்காரம் பார்க்க எல்லோரும் கிளம்பினார்கள். காலையில் கதவிடுக்கில் எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்தார் இப்போது வாசலுக்கே வந்து நின்றார்கள். காளிதாஸின் சின்ன மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மகேஸ்வரி தெருவின் நட்டநடுவே நடந்தாள்.