கலப்படமில்லாத கொலை!

“ஐயோ... ஏனுங்க! கண்ணைத் தொறங்க!”

மரியாவின் அலறல் கொட்டச்சேடு எஸ்டேட் பங்களாவை உலுக்கியது.

அவள் கணவர் ஞானசுந்தரம் நாற்காலியிலேயே சரிந்து கிடந்தார். கையருகே பாதி குடித்த காபி டம்ளர்.

செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்றால்... தேடித்தான் பிடிக்க வேண்டும்! காபிப் பழத்தைப் பறித்து, தோலை உரித்து, ஊற வைத்து, கழுவி, களத்தில் காய வைத்து, பதமாக வறுப்பார். அத்தனை பாடும் பட்டுவிட்டு, அரைத்த தூளில் பாதிக்குப் பாதி சிக்கரியைக் கொட்டுவார்! பாக்கெட்டின் மேல் ‘நூறு சதவீதம் சுத்தமான காபி’. ஏற்காடு வரும் டூரிஸ்ட்டுகள் அதை மோந்து பார்த்துச் சொக்கிப் போவார்கள். மூக்கு இருந்து என்ன பயன்?

மறுநாள் அதே பங்களா. இன்ஸ்பெக்டர் சுஜாதாவின் போன் அடித்தது. லேப்! ஸ்பீக்கரில் போட்டாள்.

“டம்ளர்ல விஷம் மேடம். சமையலறையில எடுத்த காபித்தூள் டப்பாலயும் அதே விஷம்!”

“நான்தான் அப்பவே சொன்னேனே!” துள்ளினான் ஆசிர். செத்தவரின் தங்கை மகன். சென்னை விளம்பரக் கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு, மாமாவின் காபியைப் பெரிய ‘பிராண்ட்’ ஆக்கப் போன மாதம்தான் மலையேறியவன். “அத்தைதான் தினமும் காபி போடுவாங்க. வேற யாரு?”

மரியா கையெடுத்துக் கும்பிட்டாள்.

“கர்த்தருக்குத் தெரியுமுங்க மேடம்... அந்த ஒரு காபி போட்டதோட தூள் தீந்துபோச்சுங்க. டப்பாவைக் கழுவிக் கவுத்து வெச்சனுங்க. அதுல மறுபடி தூள் எப்படி வந்துச்சுன்னே தெரியலீங்க!”

“சூப்பர் கதை!” உதட்டைச் சுழித்தான் ஆசிர்.

மாமா கல்லறைக்கு... அத்தை ஜெயிலுக்கு... பிள்ளையில்லாதவர் எஸ்டேட் யாருக்கு?

சுஜாதா இரண்டு கிளாஸ் பச்சைத் தண்ணீர் கேட்டாள்.

ஒன்றில், டப்பாவிலிருந்து எடுத்து வைத்திருந்த தூளைத் தூவினாள். பாதி, பழுப்புக் கோடு இழுத்தபடி அடியில் போய் உட்கார்ந்தது!

சமையலறையில் காபி அரைக்கும் கை மிஷினைத் தட்டினாள். உதிர்ந்த தூளை அடுத்த கிளாஸில் தூவினாள். மிதந்தது!

“மிதந்தா காபி. மூழ்கிக் கலர் விட்டா சிக்கரி. டப்பாவுல இருக்கறது பாதி சிக்கரி!”

“எங்க ஊட்டுல சிக்கரியா?” மரியா திகைத்தாள். “அந்த மனுசன் மூஞ்சியிலயே ஊத்திருவாருங்களே! நாங்க குடிக்கறதுக்குன்னு தனியா வறுத்து, இந்த மிஷின்லதானுங்க அரைப்போம்.”

ஆசிருக்குப் பொறுக்கவில்லை.

“சான்ஸே இல்ல மேடம்! நம்ம பாக்கெட்ல சிக்கரி துளிகூடக் கிடையாது. லேபிளைப் பாருங்க... நூறு சதவீதம் காபி!”

சுஜாதா சிரித்தாள்.

“நான் டப்பான்னுதானே சொன்னேன் தம்பி... பாக்கெட் எங்கிருந்து வந்துச்சு?”

ஆசிரின் முகம் வெளுத்தது.

“மாமா டம்ளர்ல விஷத்தைப் போட்டே. பழியை அத்தை மேல தள்ள டப்பாவை எடுத்தே... காலி! விக்கிற பாக்கெட்டை ஒடச்சு, விஷத்தைக் கலந்து ரொப்பிட்டே. விக்கிறதும் குடிக்கறதும் ஒரே தூள்னு நெனச்சிட்டியே! இந்த மலையில பொறந்த பச்சப்புள்ளகூட அப்படி நெனைக்காதே!”

விலங்கு மாட்டியபோதும் ஆசிர் முனகினான்.

“ஆனா... லேபிள்ல...”

“அந்த லேபிளை எழுதுன மகராசன் யாருங்க மேடம்?” என்றார் கான்ஸ்டபிள் முருகன்.

“இவனேதான், போன மாசம் வந்த கையோட! விளம்பரம் எழுதி ஊரை ஏமாத்துனவனைப் பாத்திருக்கேன் முருகன்... எழுதுனதைத் தானே நம்பி ஜெயிலுக்குப் போறவனை இப்பத்தான் பாக்கறேன்!”