கழுவினால் போகாத வெள்ளை

மூட்டையும் கையுமாகச் சம்ஃபீரா வந்து இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ருமேனியாவின் வடக்குக் குன்று ஒன்றில், ஒரு பழைய மாளிகையில் இயங்கிய பாலே பள்ளி அது. மாநிறமுள்ள ரோமா நாடோடி இனத்துப் பெண் யாரும் அதற்கு முன் அங்கே படித்ததில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ஆண்டுவிழா நாட்டியத்தில் பனிப்பெண் வேடம் அவளுக்குக் கிடைத்தது. அதுவரை அந்த வேடங்களையெல்லாம் ஆடிவந்த ஒட்டீலியாவுக்கு வயிறு எரிந்தது.

"பனி எங்கயாச்சும் கறுப்பாப் பெய்யுமாடி?" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. பெண்கள் சிரித்தார்கள்.

ஆசிரியை சிரிக்கவில்லை. "கழுத்து, முதுகு, கை எல்லாம் நல்லா பவுடர் பூசிக்கோ. மேடையில நீ தனியாத் தெரியக் கூடாது," என்று மட்டும் சொன்னாள்.

ஒட்டீலியாவே சாமான் அறையிலிருந்து ஒரு துருப்பிடித்த டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். "உனக்கு இதுகூடப் பத்தாது."

ஒப்பனை அறையில் சம்ஃபீரா தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். நனைந்த சுண்ணாம்பு வாசனை வந்தது. முகத்தில் பூசினாள். கழுத்தில் பூசினாள். முதுகுக்குக் கை எட்டவில்லை.

"திரும்பு, நான் பூசுறேன்."

யாரோ வகுப்புப் பெண் என்று நினைத்துத் திரும்பிக் கொடுத்தாள். ஐஸ் போல விரல்கள் முதுகில் மெல்ல இறங்கின.

"நானும் உன்ன மாதிரிதான் வந்தேன்," என்றது குரல், காதோரமாக. "என்னையும் இப்படியே வெள்ளையாப் பூசிட்டாங்க."

சம்ஃபீரா கண்ணாடியைப் பார்த்தாள்.

அவளுக்குப் பின்னால் யாருமில்லை.

விரல்கள் மட்டும் நிற்கவில்லை.

ஓடிப்போய்க் குழாயைத் திறந்து தேய்த்தாள். சோப்புப் போட்டாள், நாரால் உரசினாள். தோல் கன்றி ரத்தம் துளிர்த்தது, வெள்ளை போகவில்லை. மறுநாள் காலையில் அது வயிறு வரை இறங்கியிருந்தது. பிறகு கால்வரை.

"மேடம், கழுவினாப் போகமாட்டேங்குது!"

"இப்பத்தான் அழகா இருக்க," என்றாள் ஆசிரியை.

ஞாயிற்றுக்கிழமை, பூப்போட்ட பாவாடையும் தலைத்துணியுமாக அம்மா வந்து வாசல் கதவருகே நின்றாள். சம்ஃபீரா படியிலிருந்து பாய்ந்து ஓடினாள்.

"அம்மா!"

அம்மா ஓரடி பின்வாங்கினாள். "யாரும்மா நீ? என் பொண்ணு சம்ஃபீராவக் கொஞ்சம் கூப்பிடுறியா?"

"நான்தாம்மா! என்னைப் பாரும்மா!"

அம்மாவின் பார்வை அவளைத் தாண்டிப் போனது. முகம் மலர்ந்தது.

படியில் ஒரு பெண் இறங்கி வந்துகொண்டிருந்தாள். சம்ஃபீராவின் கோட்டு. சம்ஃபீராவின் பின்னல். சம்ஃபீராவின் மாநிறம்.

"இப்படி இளைச்சுட்டியேடி, கண்ணு!" அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போலாம்மா. எனக்கு டான்ஸ் வேணாம்."

அம்மாவின் தோளுக்கு மேலாக அவள் சம்ஃபீராவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. ரொம்ப நாள் இங்கேயே காத்து நின்று கால் வலித்தவளின் அசதிதான் இருந்தது.

இருவரும் வெளியேறினார்கள். சம்ஃபீரா பின்னாலேயே ஓடினாள். திறந்திருந்த வாசலைத் தாண்ட அவள் கால் எழவில்லை. கத்தினாள். அந்தச் சத்தம் அவள் காதுக்கே கேட்கவில்லை.

பேருந்து குன்றிறங்கி மறைந்தது.

மாலை ஒத்திகையில் பனிப்பெண் வேடத்தை ஒட்டீலியாவுக்கே கொடுத்தார்கள். பியானோ தொடங்கியது. அவள் கைகளை விரித்துச் சுழன்றாள், பாதியில் சட்டென்று நின்றாள்.

"என்ன ஆச்சு?" என்றாள் ஆசிரியை.

ஒட்டீலியா மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"மேடம்... யாரோ பின்னாடி நின்னு அம்மா, அம்மான்னு அழறாங்க."