பூட்டிய மெஷின் கடித்தது!

“அண்ணா...!”

எட்டு மெஷின்களின் இரைச்சலையும் கிழித்துக்கொண்டு போனது அந்த அலறல்.

அவள் கையிலிருந்த டீ டம்ளர் தரையில் விழுந்து உருண்டது.

நாலாம் நம்பர் மெஷினுக்குப் பின்னால் அண்ணன் மல்லாந்து கிடந்தார். வலது மணிக்கட்டுக்குக் கீழே... கை மாதிரியே இல்லை. இரும்புப் படியில் மோதிய நெற்றியிலிருந்து ரத்தம் காதுவரை வழிந்திருந்தது.

மெஷினின் பின்பக்கக் கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு இரும்பு அச்சுகளும் ஒன்றுமே தெரியாத மாதிரி விலகி நின்றன. ஒன்றின் முகத்தில் மட்டும் சிவப்பு!

பிளாஸ்டிக்கை உருக்கி, அச்சுக்குள் பீய்ச்சி, நிமிஷத்துக்கு இரண்டு வாளி மூடி வார்க்கிற மெஷின் அது. மூடினால் நூற்றைம்பது டன் அழுத்தம். அதற்கு இரும்பும் ஒன்றுதான், எலும்பும் ஒன்றுதான்.

“யாராவது ஓடி வாங்களேன்...!”

சுவரோரம் இருந்த ஸ்விட்ச் பெட்டிகளின் பக்கமிருந்து முதலில் ஓடி வந்தவன் எலெக்ட்ரீஷியன். ஆலையில் அவனுக்குப் பட்டப்பெயர் ஷாக். அண்ணனோடு பதினைந்து வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன்.

“தொடாதே! நான் தூக்கறேன்... நீ ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணு!”

அவள் போனை எடுத்து எண்களை அழுத்தினாள்.

எப்படி? இது எப்படி நடக்கும்?

அண்ணன் மோல்ட் செட்டர். அச்சுகளை மாட்டுவதும் துடைப்பதும் அவர் வேலை. மெயின் ஸ்விட்சை அணைத்து, தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்ட பிறகுதான் உள்ளே கை விடுவார். அதனாலேயே ஆலை முழுக்க அவருக்குப் பெயர் ‘பூட்டு’. நாலாம் நம்பரை ஓட்டுகிற தங்கச்சிக்குப் பெயர் ‘நாலாம் நம்பர்’.

பத்தரை மணி டீக்கு மற்ற மெஷின்களைத் தானாக ஓட விட்டுவிட்டு எல்லாரும் கிளம்பியபோது, அவள் கண் முன்னால்தான் பூட்டினார்.

“நீ போம்மா. அச்சுல பிசிறு ஒட்டியிருக்கு. துடைச்சுட்டு வர்றேன்” என்று காதில் அடைப்பானைச் செருகிக்கொண்டார்.

இப்போது சுவரோர ஸ்விட்ச் பெட்டியை அவள் திரும்பிப் பார்த்தாள்.

நாலாம் நம்பர் ஸ்விட்ச் அணைந்திருந்தது. அதில் சிவப்புப் பூட்டு தொங்கியது!

* * *

போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தபோது மணி பதினொன்றேகால். நாற்பது வயதுப் பெண்மணி. பேச்சு குறைவு, பார்வை அதிகம்.

“பூட்டு போட்டபடியே இருக்கு. அடிபட்டவர் பையில சாவி இருந்ததுன்னு ஆஸ்பத்திரியில இருந்து கொடுத்து அனுப்பியிருக்காங்க. கரண்ட் இல்லாத மெஷின் எப்படி சார் கடிக்கும்?”

மானேஜர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மேடம், இதெல்லாம் ஆயில் பிரஷர்ல ஓடற மெஷின். கரண்டை நிறுத்தினாலும் பிரஷர் கொஞ்சம் மிச்சம் இருக்கும். சில நேரம் தானா நகரும். பாவம்... விபத்து.”

“பொய்!”

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

“பிரஷரை இறக்காம எங்க அண்ணன் கை வைக்க மாட்டார் மேடம். அதுவும் இல்லாம, கதவு திறந்திருந்தா மெஷின் மூடவே மூடாது. கதவுல ஒரு ஸ்விட்ச் இருக்கு. கதவு சாத்தி அது அமுங்கினாத்தான் ஓடும்.”

இன்ஸ்பெக்டர் குனிந்து டார்ச் அடித்தார்.

“இதுவா?”

கதவு ஸ்விட்ச் அமுங்கியபடியே இருந்தது. அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி!

“யாரோ கட்டி வச்சிருக்காங்களே...”

“கேக்கணுமா மேடம்?” என்றார் மானேஜர். “ஆபரேட்டருங்க வேலைதான். கதவைத் திறந்து மூடற நேரம் மிச்சமாகும்னு இப்படித் திருட்டுத்தனம் பண்ணுவாங்க. நாலாம் நம்பரை ஓட்டறது இந்தம்மாதான்!”

“நான் கட்டலை! சத்தியமா கட்டலை!”

“அந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி உண்டா?” இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“இருக்கு...”

“யார்கிட்ட?”



“என்... என்கிட்டதான். என் பையில.”

‘கூடப் பிறந்தவளா?’ என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதில் ஈயமாக இறங்கியது. கை நசுங்கியது அண்ணனுக்கு. கழுத்து நெரிகிறது இவளுக்கு!

“எடுத்துட்டு வாங்க.”

கொண்டுவந்தாள். இன்ஸ்பெக்டர் கையுறையோடு சாவியை வாங்கிப் பூட்டில் நுழைத்தார்.

திருகினார்.

திரும்பவில்லை!

மறுபடி திருகினார். ஊஹூம்! அண்ணன் பையிலிருந்த சாவியைப் போட்டுப் பார்த்தார். அதுவும் அசையவில்லை.

“ரெண்டு சாவியும் சேரலை...” இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது. “இது உங்க அண்ணன் பூட்டே இல்லைம்மா!”

அவள் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தாள். அதே கம்பெனி, அதே சிவப்பு. ஆனால் அண்ணனுடைய பூட்டு ஆறு வருஷம் எண்ணெயில் ஊறியது. இது நேற்றுக் கடையிலிருந்து வந்தது மாதிரி பளபளத்தது.

“அப்படின்னா அவர் பூட்டை யாரோ அறுத்திருக்காங்க. மெஷினை ஓட்டி, கையை நசுக்கி, திரும்ப அணைச்சுட்டு, புதுசா ஒண்ணைத் தொங்க விட்டிருக்காங்க. அவர் பின்பக்கம், ஓட்டற பட்டன் முன்பக்கம். காதுல வேற அடைப்பான்... ஆள் வந்ததே தெரிஞ்சிருக்காது.”

இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“பத்தரைக்கு யார் யார் எங்கே இருந்தீங்க?”

“நான் என் ரூம்ல, போன்ல” என்றார் மானேஜர்.

“நாங்கெல்லாம் டீ குடிச்சுட்டு இருந்தோம்” என்றார்கள் மற்றவர்கள்.

“நீங்க?”

ஷாக் ஒரு அடி முன்னால் வந்தான்.

“டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்துட்டு இருந்தேன் மேடம். இந்தப் பொண்ணு அலறின சத்தம் கேட்டுச்சு. பதறிப் போய் ஸ்விட்ச் பெட்டிக்கு ஓடி நாலாம் நம்பர் மெயினை ஆஃப் பண்ணினேன். அப்புறம்தான் அவரைத் தூக்க ஓடினேன்.”

“சமயோசிதம்!” என்று மானேஜர் தலையாட்டினார்.

அவள் தலையாட்டவில்லை.

கூடாது... இவராக இருக்கக் கூடாது. அண்ணன் கல்யாணத்தில் பந்தல் போட்டவர். அவளுக்குக் காய்ச்சல் என்றால் மருந்து வாங்கி வந்தவர்.

ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

“ஷாக் அண்ணே... மெயினை ஆஃப் பண்ணினீங்களா?”

“ஆமாம்மா.”

“நான் பார்த்தப்போ ஆஃப்ல இருந்துச்சு. பூட்டும் தொங்கிச்சு. மேல பூட்டு தொங்கற ஸ்விட்சை... நீங்க எப்படிண்ணே ஆஃப் பண்ணினீங்க?”

ஷாக்கின் கை தோளில் தொங்கிய டூல் பையை இறுக்கியது.

“பதட்டத்துல... ஏதோ மாத்திச் சொல்லிட்டேன்...”

“இல்லை. நிஜத்தைத்தான் சொன்னீங்க” என்றார் இன்ஸ்பெக்டர் அமைதியாக. “இந்தம்மா அலறினப்போ ஸ்விட்ச் ஆன்லதான் இருந்தது. இவங்க அண்ணனைப் பார்த்துட்டு இருந்த நேரத்துல அணைச்சுட்டு, பூட்டைத் தொங்க விட்டீங்க. பூட்டை மட்டும் கதையில விட்டுட்டீங்க. அவர் டூல் பையைக் கொட்டுய்யா!”

கான்ஸ்டபிள் கொட்டினார். திருப்புளி, டெஸ்டர், நீளமான கட்டர்... கடைசியாக ‘ணங்’ என்று விழுந்தது, வளையம் அறுந்த பழைய சிவப்புப் பூட்டு!

ஷாக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“கொல்லணும்னு நினைக்கலை மேடம்... போன மாசம் ஆறாம் நம்பர்ல ஒரு பொண்ணுக்கு ரெண்டு விரல் போச்சு, கதவு ஸ்விட்ச் கட்டியிருந்ததால. எல்லா கதவு ஸ்விட்சையும் கட்டச் சொன்னது மானேஜர். கட்டினது நான். இன்னிக்கு மூணு மணிக்கு கவர்மென்ட் பாதுகாப்பு ஆபீசர் வர்றார். ‘பூட்டு’ எல்லாத்தையும் சொல்லப் போறார்னு தெரிஞ்சுது. மானேஜர் என்னைக் கூப்பிட்டு, ‘கம்பி கட்டினது உன் கை. அவன் வாயைத் திறந்தா உள்ளே போறது நீதான்’னார். மூணு மணிக்கு ‘பூட்டு’ இங்கே இருக்கக் கூடாது... அவ்வளவுதான் நினைச்சேன்...”

“வாய்க்கு வந்ததை உளறாதே!” மானேஜர் சீறினார். “நான் கட்டச் சொன்னதுக்கு என்ன அத்தாட்சி? ஒரு கடுதாசி உண்டா?”

“உண்டு சார்” என்றார் இன்ஸ்பெக்டர்.

இன்ஸ்பெக்டர் தன் போனை எடுத்தார்.

“ஆலை விபத்துன்னா அந்த ஆபீசருக்குச் சொல்லணும்; வர்ற வழியிலேயே போன் பண்ணினேன். மூணு மணிக்கு அவர் வர்றது மெஷினைப் பார்க்கத்தான். வாக்குமூலத்தை அடிபட்டவர் நேத்து சாயங்காலமே எழுதிக் கொடுத்துட்டார்! போட்டோ அனுப்பியிருக்கார். உங்க அண்ணன் கையெழுத்துதானாம்மா? படிங்க.”

அவள் போனை வாங்கினாள். வலது பக்கம் சாய்ந்த, முத்து முத்தான எழுத்து. இனிமேல் அந்தக் கை எழுதுமோ, எழுதாதோ... கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

“‘கதவு ஸ்விட்ச்களைக் கட்டும்படி மானேஜர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. கட்டிய எலெக்ட்ரீஷியன், முடியாது என்றால் வேலை போய்விடும் என்று பயந்து செய்தான். அவன் நல்லவன். என் சிநேகிதன். அவன் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்...’”

அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

ஷாக் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். அவன் தோள்கள் மட்டும் குலுங்கின. அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்ஸ்பெக்டரின் போன் ஒலித்தது. அவளிடமிருந்து வாங்கிப் பேசிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“உயிருக்கு ஆபத்து இல்லையாம்மா. மூணு விரலை எடுக்க வேண்டியதாயிடுச்சு. முழிச்சதும் அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? ‘என் தங்கச்சி மறுபடி அந்த மெஷின் பக்கம் போயிடலையே?’”

அவள் முதல் முறையாக வாய்விட்டு அழுதாள்.

கான்ஸ்டபிள் ஷாக்கைத் தூக்கி நிறுத்தினார். இன்னொரு கான்ஸ்டபிள் மானேஜரின் பக்கத்தில் வந்து நின்றார்.

“மேடம்... என்னையுமா? கொஞ்சம் யோசிங்க... இன்னிக்கு சாயங்காலம் பெரிய சரக்கு டெஸ்பாட்ச் இருக்கு. நான் இல்லேன்னா ஒண்ணும் நகராது!”

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு சொன்னார்.

“சாயங்காலம் வரைக்கும் ஏன் சார் காத்திருக்கணும்? வண்டி வாசல்ல ரெடி... முதல் பார்சலே நீங்கதான்!”