சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவள்

புனிதா படியேறி வந்தபோது அவள் கையில் ஒரு மரத்துண்டு இருந்தது. அதை ஜெயபாலனின் மேசைமேல் வைத்தாள். பார்வைக்கு நல்ல மரம்தான். ஜெயபாலன் விரலால் லேசாக அழுத்தினார். அப்பளம்போல் நொறுங்கி விரல் உள்ளே போனது.

"எங்கம்மாவோட அலமாரிண்ணே. கரையான் தின்னுடுச்சு," என்றாள். "நான்தான் ரப்பர் தோட்டத்துல இருந்து வந்தப்ப கரையானக் கொண்டாந்து வீட்டுல விட்டேன்னு வீட்டு முதலாளி சொல்றாரு. மருந்தடிக்கிற செலவு, சுவரு பூசுற செலவு, எல்லாம் என் தலையில. முடியலன்னா மாசக் கடைசியில காலி பண்ணணுமாம். படுத்த படுக்கையா இருக்கிற அப்பாவத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்? கரையான் கொண்டு வர்ற பொம்பளன்னு பேரு வந்துட்டா, புந்தோங்ல எவன் எனக்கு வீடு குடுப்பான்?"

பெஞ்சில் சாய்ந்திருந்த தனேஸ்வரன் கண்ணைத் திறந்தான். இரவெல்லாம் லோரி ஓட்டிவிட்டு வந்தவன். இமை இரண்டும் மணல் மூட்டைபோல் கனத்தன. ஆனாலும் ஜெயபாலனிடம் யாராவது பிரச்சினையோடு வந்தால் அவனுக்குத் தூக்கம் ஓடிவிடும். ஜெயபாலன் ஈப்போ போலீசில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக முடியாத வழக்குகள் அவரைத் தேடி வரும்.

"மனுசனப் புடிச்ச காலம் போயி இப்ப கரையான் புடிக்கணுமாண்ணே?" என்று சிரித்தான்.

புனிதா சிரிக்கவில்லை. "வெறும் கரையான்னா நான் வந்திருக்கவே மாட்டேன் தம்பி. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்காங்க."

அவள் குரல் தாழ்ந்தது. அடுப்படிக்குப் பின்னால் ஒரு ஸ்டோர் அறை இருக்கிறது. அவள் குடிவந்த நாளிலிருந்து அது பூட்டியே கிடக்கிறது. சாவி தொலைந்துவிட்டது என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த அறைக்குள் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் மணிச் சத்தம் கேட்கிறது. சூடம் மணக்கிறது. அப்புறம் ஒரு பெண் முணுமுணுக்கிறாள்.

"என்ன சொல்லுது?" என்றார் ஜெயபாலன்.

"'வயித்துல இருக்கறதக் காப்பாத்து... வயித்துல இருக்கறதக் காப்பாத்து...' இதேதான்."

தனேஸ்வரனுக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது. "பக்கத்து வீட்டு டீவியா இருக்கும்லா," என்றான். சொன்னது அவனுக்கே நம்பும்படி இல்லை.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே," என்று ஜெயபாலன் எழுந்து சட்டையை மாட்டினார். "உன் முதலாளிய வீட்டம்மாவோட சாயங்காலம் வரச் சொல்லு. நாங்க முன்னாடியே வந்துடறோம்."

அது பழைய இரண்டு மாடி வீடு. கீழும் மேலும் காசிவிஸ்வநாதன் என்பவருக்குச் சொந்தம். கீழ்வீட்டில் புனிதா இருந்தாள். மேல்வீடு ஆள் இல்லாமல் கிடந்தது. மழை பெய்து ஓய்ந்திருந்தும் உள்ளே காற்றில்லை. ஈர மண்ணின் வாடை, யாரோ இப்போதுதான் குழி தோண்டியதைப்போல, அடுப்படிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.

முன்னறைக் கட்டிலில் புனிதாவின் அப்பா பத்துமலை கிடந்தார். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை.

"வாங்க சார்ஜன். பேய் புடிக்கவா, கரையான் புடிக்கவா?"

"எது கையில கிடைக்குதோ அது, பெரியவரே."

"கரையானையே புடிங்க. பேயி நம்மகிட்ட வாடகை கேக்கறதில்ல."

ஜெயபாலன் அடுப்படியில் நின்ற அலமாரியைச் சுற்றி வந்தார். நான்கு கால்களும் தண்ணீர் ஊற்றிய பால் டின்களில் நின்றன. எறும்பு ஏறாமலிருக்க வைத்தது என்றாள் புனிதா. கால்களில் ஒரு கீறலும் இல்லை. கதவுகள் கெட்டியாக இருந்தன. பின்பலகை மட்டும் சல்லடையாகியிருந்தது. அங்கிருந்து விரல் தடிமனில் ஒரு மண்கோடு, ஸ்டோர் அறைச் சுவருக்கு ஓடியது.

ஸ்டோர் கதவில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது. அதில் சிலந்தி வலை. கதவுக்கு அடியில் சிற்றெறும்புகள் சாரி சாரியாகப் புகுந்துகொண்டிருந்தன. அடுப்படியில் சர்க்கரை டப்பா திறந்தே இருந்தும் அவை அதைச் சீண்டவில்லை.

"சுவத்துல காத வையி," என்றார் ஜெயபாலன்.

தனேஸ்வரன் வைத்தான். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஆயிரம் நகங்கள் ஒன்றாகத் தட்டுவதைப்போல ஒரு வறட்டுச் சத்தம். நின்றது. அவன் மூச்சு விட்டதும் மறுபடி தொடங்கியது. தீயைத் தொட்டவன்போல் தலையை இழுத்துக்கொண்டான்.

"கரையான் தலையால முட்டுற சத்தம்தான். நீ போயி பின்சந்தப் பாத்துட்டு வா."

போன வேகத்தில் திரும்பி வந்தான். "ஒரே குப்பைண்ணே. மீன் செதிலு, உடைஞ்ச போத்தலு, சாக்கடை வேற பொங்கி நிக்குது. அந்த ரூமுக்குப் பின்பக்கமும் ஒரு கதவு இருக்கு. பூட்டு எண்ண போட்டது மாதிரி பளபளங்குது. சாக்கடைல முட்ட ஓடு கிடக்கு, மேல மஞ்சத்தூளு. எனக்கென்னமோ செய்வினைன்னு படுது. போயிடலாமாண்ணே?"

"இரு. இன்னும் ரெண்டு பேரு வரணும்."

சந்துக்கு அந்தப் பக்கத்து வரிசையில்தான் காசிவிஸ்வநாதனின் வீடு. சாயங்காலம் மனைவி ராமலட்சுமியோடு வந்தார். வந்ததும் அலமாரியைக் காட்டிக் கையை நீட்டினார். "நீங்களே பாருங்க சார்ஜன். மட்டமான பழைய மரம். இதுல வராம வேற எதுல வரும்? நான் மருந்தடிக்க ஆள் அனுப்பினேன். இந்தம்மா வேணாம்னு திருப்பி அனுப்பிடுச்சு."

"என் வாசலுக்கு ஒருத்தரும் வரலையே முதலாளி!" என்றாள் புனிதா.

"திருப்பி அனுப்பினாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று ஜெயபாலன் கேட்டார்.

"இவதான். ஆள் பேசறது, வேலை வாங்கறது எல்லாம் இவ பாத்துக்கறா. எனக்கு எங்க நேரம்? லூமுட்டுல கட்டிக் குடுத்த மக குமுதா மாசமா இருக்கா. முன்னாடி ரெண்டு தடவ தங்கல. அந்தக் கவலையே எனக்குப் பெருசா இருக்கு."

ராமலட்சுமி தரையைப் பார்த்தபடி நின்றாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

ஜெயபாலன் வாசல் பக்கம் திரும்பினார். "பின்பக்கம் போயி ஒரு தடவ பாத்துடுவோம்," என்றார்.

எல்லாரும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தனேஸ்வரன் போத்தல் சில்லுகளைத் தாண்டித் தாண்டி நடந்தான். காசிவிஸ்வநாதன் மூக்கைப் பொத்தியபடி வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். கதவை நெருங்கியதும் ஜெயபாலன் நின்று திரும்பினார். அவர் பார்த்தது யாருடைய முகத்தையும் அல்ல.

"ஆச்சி, இந்தச் சாக்கடைத் தண்ணியில நிக்கறதுக்கு செருப்ப ஏன் கழட்டினீங்க?"

ராமலட்சுமியின் செருப்பு இரண்டும் சந்து ஓரத்தில் ஒழுங்காகக் கிடந்தன. வெறுங்காலோடு கணுக்கால்வரை அழுக்குத் தண்ணீரில் நின்றாள். கழற்றியது அவளுக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல் காலைக் குனிந்து பார்த்தாள்.

"சன்னிதின்னா மனசு சொல்லாமலே காலு கழட்டிடும்," என்றார் ஜெயபாலன். "உங்க காலு இந்த வாசலுக்குப் பழகிடுச்சு. அலமாரிக் கால்ல கரையான் இல்ல, முதுகுல மட்டும்தான். அப்ப அது சுவத்துல இருந்து வந்தது. எறும்பு சர்க்கரைய விட்டுட்டு இந்த ரூமுக்குப் போச்சு. அப்ப உள்ள பாலு இருக்கு. முட்ட, மஞ்சள், வெள்ளிக்கிழமை மணி. புத்துக்குத்தான் இதெல்லாம். மருந்தடிக்க ஆள் பேசறவங்க நீங்க, அவன வரவிடாம நிறுத்த உங்களால மட்டும்தான் முடியும். யாரு வயித்துல என்ன இருக்குன்னு உங்க வீட்டுக்காரரே சொல்லிட்டாரு."

ராமலட்சுமி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். அதைத் தனேஸ்வரனிடம் நீட்டினாள். அவன் வாங்கிப் பூட்டைத் திறந்தான்.

உள்ளே இருட்டு ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது. கண் பழகியதும் அது சிவந்த புற்று என்று தெரிந்தது. சிமெண்டுத் தரையைப் பிளந்துகொண்டு, இடுப்பு வளைந்த ஒரு பெண் உட்கார்ந்திருப்பதுபோல வளர்ந்திருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள். காலடியில் பால் கிண்ணமும் முட்டையும் மணியும் இருந்தன. துணி மெல்ல அசைந்தது. காற்றில்லை. அடியில் ஊர்ந்தவைதான் அதை அசைத்தன. காசிவிஸ்வநாதன் தம் செருப்பையும் கழற்றினார்.

"சாவி தொலையல. நான்தான் எடுத்து வச்சிருந்தேன்," என்றாள் ராமலட்சுமி. "பழைய சாமான் தேட வந்தப்ப ஆத்தா புத்தா தரையில முளைச்சிருந்தா. அந்த வாரமே குமுதா மாசமா இருக்கேன்னு போன் பண்ணா. நான் எப்படி மருந்தடிக்க விடுவேன்? அடிச்சு, பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" புனிதா பக்கம் திரும்பினாள். "உன்மேல பழியப் போட்டுட்டேன்மா. தெரிஞ்சேதான் போட்டேன்."

"செலவு யாருதுன்னுதானே கேள்வி," என்றார் ஜெயபாலன். "குடியிருக்கறவங்க கொண்டாந்தா அவங்க குடுக்கணும். இது உங்க தரையில முளைச்சு, உங்க வீட்டம்மா பாலு ஊத்தி வளத்தது. நீங்கதான் குடுக்கணும்."

"குடுக்கறேன். நாளைக்கே ஆளக் கூப்பிட்டு..." என்று காசிவிஸ்வநாதன் தொடங்கினார். புற்றை இன்னொரு தடவை பார்த்தார். ராமலட்சுமி சத்தமில்லாமல் அழுதாள்.

எல்லாரும் புனிதாவைப் பார்த்தார்கள். மருந்தடி என்று அவள் சொன்னால் தடுக்க யாருக்கும் நியாயம் இல்லை. அவள் புற்றின் முன்னால் போய் நின்றாள்.

"நானும் தோட்டத்துக்காரிதான். புத்த இடிச்ச வீட்டுல எனக்கும் தூக்கம் வராது," என்றாள். "குமுதாவுக்குப் பிள்ள பொறக்கட்டும். அப்புறம் பூசாரிய வச்சு முறையா கேட்டு எடுங்க. ஆனா அதுவரைக்கும் இதுகூட ஒரு சுவத்துல படுக்க என்னால முடியாது. மேல்வீடு சும்மாதானே கிடக்கு? இதே வாடகைக்கு அத எங்களுக்குத் திறந்துவிடுங்க. அலமாரிக்கு அலமாரி வாங்கித் தாங்க. கரையான் வந்தது யாராலன்னு இந்தத் தெருவுல நாலு பேருகிட்ட ஆச்சி வாயாலயே சொல்லணும்."

"சொல்றேன்," என்றாள் ராமலட்சுமி.

அன்றைக்கே பத்துமலையை நாற்காலியில் உட்கார வைத்து மாடிக்குத் தூக்கினார்கள். ஒரு பக்கம் தனேஸ்வரன். மறு பக்கம் காசிவிஸ்வநாதன். பாதிப் படியில் அவருக்கு மூச்சு வாங்கியது. வேட்டி தடுக்கியது. நாற்காலி சாய்ந்தது.

"பாத்து, முதலாளி," என்றார் பத்துமலை. "என்னைக் கீழ போட்டுட்டு, பழிய என் பொண்ணு மேல போட்டுடாதீங்க."

காசிவிஸ்வநாதன் பிடியை மாற்றி, பாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, அடுத்த படியில் காலை வைத்தார்.