குலுக்கையின் கீழ்வாய்

குலுக்கை மூடியின் மண்பூச்சு உள்ளேயிருந்து வெடித்திருந்தது.

விளக்கேற்ற வந்த இருளாயி பின்வாங்கினாள். ஆள் உயரத் தானியக் குலுக்கை. மழை பொய்த்ததால் பங்குனியிலிருந்து வெறுமையாகக் கிடந்தது. வெறுமை என்பது அவளைப் பெற்ற அய்யா விருமாண்டியின் நினைப்பு. அவர் அடிக்கும்போதெல்லாம் பதினான்கு வயது இருளாயி அதன் மண்சுவரில் காதை ஒட்டிக்கொண்டு மனசால் வேறொரு நாட்டுக்குப் போய்விடுவாள். பழைய வரகின் புளிப்பு வாடையும் எலிப்புழுக்கை நாற்றமும் கலந்த அந்த இருட்டில், கண்ணே இல்லாத, வயிறெல்லாம் வாயான ஒன்றை அவளே உண்டாக்கி வைத்திருந்தாள். அதற்கு மோப்பம் மட்டும்தான். யாருடைய துணியைக் கொடுக்கிறாளோ அவரைத் தின்னும். முந்தாநாள் அய்யா அவள் மணிக்கட்டை முறுக்கியதும், அவருடைய வேர்வைத் துண்டைக் தானியம் இறக்கும் கீழ்வாய் ஓட்டை வழியாகத் திணித்திருந்தாள்.

இன்று துண்டு அங்கே இல்லை.

விருமாண்டி மூச்சிரைக்க ஓடிவந்தார். குற்றப்பரம்பரை என்று வெள்ளைக்காரன் போட்ட ரேகைச் சட்டத்தில் பெயர் ஏறிய ஆண்கள் இருட்டுமுன் ஸ்டேஷனில் கைரேகை வைத்துவிட்டு, விடியும்வரை அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டும். பக்கத்து ஊரில் மாடு களவு போயிருந்தது. இன்று போனால் அவர் தலையில்தான் கட்டுவார்கள். மை ஊறிக் கருத்த கட்டைவிரலால் மூடியைத் தள்ளினார்.

"உள்ள எறங்குறேன். மேல சாணி வச்சு மெழுகு. எவன் கேட்டாலும் ரேகைக்குப் போயிருக்காருன்னு சொல்லு."

"வேணாம்யா. உள்ள ஒண்ணு இருக்கு."

"ஒன்னைய விடக் கேடுகெட்டதாவா இருக்கப்போகுது? மெழுகுடி."

மெழுகினாள். உள்ளே அய்யாவின் மூச்சு கேட்டது. சற்றுக் கழித்து இன்னொரு மூச்சு. நீளமாக. இழுத்து இழுத்து.

வாசலில் லாந்தர் ஆடியது. ஏட்டு.

"எங்கடி ஒங்கப்பன்?"

"ரேகைக்குப் போயிருக்காருங்கய்யா."

"எந்த டேசனுக்கு? மாமியா வீட்டு டேசனுக்கா?"

அவள் காலடியில், கீழ்வாயில், அடங்கிய குரல்: "தெறந்துவிடு தாயி."

அய்யா அவளைத் தாயி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. திறந்தால் அவருக்கு விலங்கு. திறக்காவிட்டால்... உள்ளே எதுவோ சுவரில் மோதியது.

"என்னடி சத்தம்?"

இருளாயியின் மணிக்கட்டு வலித்தது.

"எலிங்கய்யா."

லாந்தர் தெருவில் இறங்கிப் போனது. மோதல் நின்றது. குரலும்.

கீழ்வாயிலிருந்து ஒன்று உருண்டு வந்து அவள் பாதத்தில் முட்டியது. கட்டைவிரல். மை அப்படியே இருந்தது.

கைக்குக் கிடைத்ததைப் பிடித்து ஓட்டையில் திணித்தாள். அடைத்தாள். அழுத்தினாள்.

அவளுடைய தாவணி முனை.

நீளமாய் ஒரு மூச்சு. துணி ஒரு விரற்கடை உள்ளே நகர்ந்தது. நின்றது. இன்னொரு மூச்சு. தாவணியின் மறுமுனை அவள் இடுப்பில் மெல்ல இறுகத் தொடங்கியது.