துண்டோடு காத்திருந்தது

அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்த அன்று, சாமான் வண்டியிலிருந்து அவன் முதலில் இறக்கியது கட்டிலையும் இல்லை, அடுப்பையும் இல்லை; அடியில் விளக்கு வைத்த தன் கண்ணாடி மேசையை. கார்ட்டூன் போடுகிறவனுக்கு அதுதான் சோறு போடும் சாமான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

வாரப் பத்திரிகை ஒன்றில் 'சில்லறைப் பயங்கள்' என்று அவனுக்கு ஒரு பக்கம். கேஸை அணைத்தோமா, லிஃப்ட் பாதியில் நிற்குமா, பல் டாக்டர் என்ன குண்டைப் போடுவார் என்று மனிதர்கள் நடுங்குவதையெல்லாம் மையால் கேலியாக்குவான். அதற்கு ஒரு முறை வைத்திருந்தான். முதலில் பயத்தை உள்ளபடியே, ஈவிரக்கமில்லாமல் பென்சிலில் வரைவான். அந்தத் தாளைக் கண்ணாடியில் வைத்து, மேலே இன்னொரு தாளைப் பரப்பி, கீழிருந்து வெளிச்சத்தில் தெரியும் உருவத்துக்கு மையால் தொப்பியும் தொந்தியும் அசட்டுச் சிரிப்பும் சேர்ப்பான். மை காய்ந்ததும் பென்சில் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவான். மற்றதில் எப்படியோ, இதில் மட்டும் அவன் சோம்பல் பட்டதில்லை.

மூன்றாம் நாள் மனைவி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி யாரோ நிக்கிறாங்கடா. நல்ல உயரம். கை ரெண்டும் முழங்காலுக்குக் கீழ தொங்குது."

ஒரே வகுப்பில் படித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் அவனை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவாள். மரியாதை என்ற பேச்சுக்கே இடமில்லை.

"அடுத்த வாரத்துக்கு ஐடியா கிடைச்சாச்சு," என்றான்.

"விளையாடாதே. இதை மட்டும் வரையமாட்டேன்னு சொல்லு."

அவள் கண்ணில் நிஜமாகவே பயம் இருந்தது. சரி என்றான்.

ஆனால் வியாழக்கிழமை மதியம் ஆசிரியர் போனில் எரிந்து விழுந்தபோது, பக்கமும் காலி, மண்டையும் காலி. மனைவி கடையிலிருந்து வருவதற்குள் முடித்துவிடலாம், பத்திரிகை வந்தபிறகு காலில் விழுந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தான்.

பென்சில் அவனைக் கேட்காமலே ஓடியது. முகம் மட்டும் வரவில்லை, வெறுமையாகவே விட்டான். எங்கிருந்தோ நாள்பட்ட ஈரத்துணியின் நாற்றம் வந்தது. எழுந்து ஜன்னலைத் திறந்தான். நாற்றம் போகவில்லை.

அவசரமாக மையைத் தொட்டான். நெடிய உருவத்தின் தோளில் ஒரு துண்டு, கையில் சோப்பு டப்பா. எதிரே ஓடிவரும் வீட்டுக்காரியிடம் அது பணிவாகச் சொல்கிறது: 'அவசரம்னா நீங்க முதல்ல போங்க.' அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மை காய்வதற்குள் வாசல் கதவு திறந்தது. தலைவலி என்று மனைவி சீக்கிரமே வந்துவிட்டாள். பையை வீசிவிட்டு, அவன் பக்கம் திரும்பாமலே பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

பிறகு சிரிப்புச் சத்தம்.

"என்ன?" என்று கத்தினான்.

"பயமே போயிடுச்சுடா! தோள்ல துண்டு, கையில சோப்பு டப்பா. பாவம், நான் குளிச்சு முடிக்கட்டும்னு காத்துக்கிட்டு நிக்குது!"

அவள் படத்தைப் பார்க்கவேயில்லை.

தாளைப் பாய்ந்து எடுத்து நான்காகக் கிழித்தான்.

சிரிப்பு நின்றது.

தண்ணீரும் நின்றது.

குனிந்து பார்த்தான். கையில் இருந்த கிழிந்த தாளில் சோப்பு டப்பா. கண்ணாடிமேல் பென்சில் தாள் கசங்கக்கூட இல்லாமல் கிடந்தது. பத்து வருஷமாகப் பயத்தைக் கிழித்தவன், இன்று கேலியைக் கிழித்துவிட்டான்.

"டேய்..." உள்ளிருந்து மூச்சுக்காற்றாக வந்தது குரல். "துண்டைக் கீழ போட்டுடுச்சுடா."

ஓடிப்போய்க் கதவை இடித்தான். அசையவில்லை. திரும்ப ஓடிவந்து புதுத் தாளைப் பரப்பினான். விளக்கு எரிந்தது, கீழே உருவம் இல்லை. பென்சில் தாள் வெள்ளையாகக் கிடந்தது.

துண்டைப் போட ஒரு தோள் இல்லை. ஆனாலும் வரைந்தான். அவள் நல்லபடியாக வெளியே வந்தால் போதும், இனிமேல் பேனாவைத் தொடமாட்டேன் என்று விம்மிக்கொண்டே, வெற்றிடத்தில் துண்டு, சோப்பு டப்பா, அந்த வாசகம் எல்லாம் வரைந்தான்.

தாழ் திறந்தது.

மனைவி வெளியே வந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவனுக்கு அழுகை பொங்கியது.

"தப்புப் பண்ணிட்டேன். வா, இந்த வீடே வேண்டாம், போயிடலாம்."

அவள் வரவில்லை. கதவோரமாகச் சுவரில் சாய்ந்து நின்றாள். தோளில் துண்டு. ஒரு கையில் சோப்பு டப்பா. இன்னொரு கை தொங்கிக்கொண்டிருந்தது.

முழங்காலுக்குக் கீழே.

மெல்ல ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டாள்.

"அவசரம்னா நீங்க முதல்ல போங்க," என்றாள்.